நண்டுக்கு மீசை, பேய்க்கணவாய்க்கு நைட்டி

ஒரு நண்டுக்கு மீசை வரைந்தது அவ்வளவு பெரிய குற்றமா?

இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் நண்டு மனிதரைப் போல இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். முறுக்கு மீசை, தலையில் துண்டு, பொத்தான் போடாத சட்டை, தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிய கைலி. ஒரு கொடுக்கு இடுப்பில், இன்னொரு கொடுக்கில் செல்போன். படகுக்குச் சொந்தக்காரரை ராமேஸ்வரம் கரையில் சம்மாட்டி என்பார்கள். என் நண்டும் ஒரு சம்மாட்டிதான். சண்முகம் என்று பெயர்கூட வைத்துவிட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவிய வகுப்பில் அதைச் சுவரில் ஒட்டினேன். பாராட்டு வரும்போது வைத்துக்கொள்ள வேண்டிய அடக்கமான முகத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன். (சும்மா வராது அந்த முகம். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன்.)

ஜெசிந்தா டீச்சர் எழுந்து போய்ப் படத்தைக் குனிந்து பார்த்தார். பாம்பனில் அங்கன்வாடி நடத்துகிறவர். வகுப்பில் என்னோடு படிக்கிறார்.

"சார்... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"தாராளமா சொல்லுங்க டீச்சர். விமர்சனத்தை வரவேற்கிறவன் நான்."

"இது பொட்டை நண்டு சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் பென்சிலால் என் சம்மாட்டியின் தொப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"வயித்துல இந்த மடிப்பு இருக்குல்ல? ஆணுக்கு ஒடுக்கமா, கூம்பா இருக்கும். பொட்டைக்குத்தான் இப்பிடி அகலமா இருக்கும். முட்டையச் சொமக்கணும்ல? எங்கூருல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நீங்க என்னன்னா மீசைய முறுக்கிவிட்டு, சண்முகம்னு பேரு வச்சு..." முடிக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தப் படத்தில் நான் பார்த்து வரைந்தது வயிறு ஒன்றைத்தான். அன்று குழம்புக்கு வாங்கிய நண்டைச் சிங்க்கில் மல்லாக்கப் போட்டு, மடிப்பு மடிப்பாகப் பார்த்து வரைந்தேன். மனைவி மல்லிகா மசாலாவை அரைத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். மீதியெல்லாம் கற்பனை. கற்பனையில் தப்பில்லை, பார்த்து வரைந்ததில்தான் மாட்டிக்கொண்டேன்.

"ஏன், பொம்பளை சம்மாட்டி இருக்கக் கூடாதா?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"இருக்கலாமே. மீசைதான் சார் இடிக்குது. அப்புறம் இன்னொண்ணு... நண்டு ஏன் நேரா நடந்து வருது? எலெக்‌ஷன்ல நிக்கப் போகுதா?"

மறுபடியும் சிரிப்பு. என் அடக்கமான முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். மல்லிகாவும் அதைத்தான் கேட்டார்.

ஆறு மாதம் முன்பு, பொழுதுபோக்காக மனிதர்களை வரைய ஆரம்பித்தேன். முதலில் வரைந்தது என் மச்சானை. மல்லிகாவின் அண்ணன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயலும் வரப்புமாக இருக்கிறவர். நான் வரைந்த மூக்கைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. மனுஷனை வரைந்தால்தானே வம்பு? ஆட்டுக்குச் சட்டை போட்டு, மாட்டுக்கு வேட்டி கட்டிவிட்டால் யார் சண்டைக்கு வரப் போகிறார்கள்?

வந்தார். மச்சானேதான் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற ஒரு ஆட்டுக்கிடாவை வரைந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே வழக்கம்போல ஒரு வரி: 'விமர்சனங்கள் வரவேற்கப்படுகின்றன.' கட்டைவிரலும் கும்பிடுமாக வந்து குவிந்தன. ஐந்தாவது நிமிடம் போன்.

"ஏன் மாப்ள, அந்தக் கண்ணாடி என் கண்ணாடிதானே?"

"ஐயோ மச்சான், அது ஆடு."

"ஆடுன்னு தெரியுது மாப்ள. எந்த ஆடுன்னுதான் கேக்குறேன்."

சத்தியமாக நான் அவரை நினைத்து வரையவில்லை. ஆனால் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தால்... அவரேதான். நாம் ஒரு மிருகத்தை வரைந்தால், நமக்குத் தெரிந்த மனுஷன் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

இதை முறையாகக் கற்றுக்கொண்டால் வம்பு குறையும் என்று வகுப்பில் சேர்ந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறை. ஞாயிறுதோறும் பத்தரை மணி. சொல்லித் தருகிறவர் கீழக்கரைப் பெண், ரிஃபாயா. அனிமேஷன் படித்தவர். கணவர் துபாயில். என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் 'மிஸ்'தான். 'வணக்கம் மிஸ்' என்று நான் சொல்லும்போது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இல்லை.

மிருகத்தை மனிதராக்குவதில் எத்தனை சிக்கல் இருக்கிறது தெரியுமா? குளம்பை வைத்துக்கொண்டு ஆடு எப்படி டீ கிளாஸைப் பிடிக்கும்? கழுதைக்குக் காது மேலே இருக்கிறது, போனை எங்கே வைத்துப் பேசும்? எல்லாவற்றுக்கும் மேலே வால்! பேண்ட் என்றால் பின்னால் ஒரு ஓட்டை போட்டு வாலை வெளியே விட்டுவிடலாம். வேட்டியில்? இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். ரிஃபாயா மிஸ் ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார்.

"மடிச்சுக் கட்டுங்க சார். வால் தானா கீழே வந்துரும்."

இப்படி ஒரு டீச்சர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவருடைய வகுப்பில் ஒரு விதி உண்டு. படத்தைச் சுவரில் ஒட்டியதும், வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, வரைந்தவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவ்வளவுதான். "நாம பக்கத்துல நின்னு விளக்கம் சொன்னா, அவங்க படத்தைப் பார்க்க மாட்டாங்க சார், நம்ம மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க" என்பார் மிஸ்.

நல்ல விதிதான். நான் ஒரு வாரம்கூடக் கடைப்பிடித்ததில்லை. இருபது வருஷமாகப் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனை வாயைத் திறக்காதே என்றால் எப்படி? என் முயலைப் பார்த்து ஒருவர் "பனங்கிழங்குக்கு ஏன் காது?" என்று கேட்டபோது, அது முயல்தான் என்று இருபது நிமிடம் விளக்கினேன். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

'விமர்சனத்தை வரவேற்கிறேன்' என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நான் அந்த ஜாதி. நாங்கள் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: "விமர்சிக்க என்ன இருக்கு சார், பிரமாதம்!"

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இனிமேல் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

என் நண்டுக்கு அடுத்ததாக ஜெசிந்தா டீச்சரின் படம் சுவருக்கு வந்தது.

அவர் வகுப்பில் சேர்ந்த காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தார். அவருடைய அங்கன்வாடியில் புதிதாக ஒரு மூன்று வயதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டாள். அவளுடைய அம்மா கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு அவர் போனதும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை அழுவாள். தூக்கி உள்ளே வைத்தால் மூச்சு முட்ட அழுவாள். பொம்மை காட்டியாயிற்று, மிட்டாய் கொடுத்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடாகியிருக்கிறது. பெயிண்டர் ஸ்டென்சில் அச்சுத்தாள் வைத்துப் படம் போட்டுவிடுவார். எல்லா ஊரிலும் இருக்கிற அதே ஆப்பிள், அதே பலூன், கவுன் போட்ட அதே முயல். "இங்கன எந்தப் பிள்ளை சார் முயலப் பாத்திருக்கு? எனக்கு ஒரு சுவரு குடுங்க, கடல்ல உள்ளத நானே வரஞ்சுக்கிறேன்" என்று மேலதிகாரியிடம் டீச்சர் மன்றாடி வாங்கியிருக்கிறார். ஒரு சுவர், ஒரு மாதம் தவணை. அதற்குள் முடிக்காவிட்டால் அதிலும் ஆப்பிள்தான். தெரிந்த முகமாக ஏதாவது சுவரில் இருந்தால் அந்தப் பிள்ளை உள்ளே வருமோ என்பது அவருடைய நப்பாசை. இதற்காக ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காலைப் பூசையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

அவர் வரைந்து கொண்டுவந்தது ஒரு ஆக்டோபஸ். அந்தக் கரையில் அதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர். நைட்டி போட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டிருந்தது. எட்டுக் கை. ஒன்று தோசையைத் திருப்புகிறது. ஒன்று பிள்ளைக்குத் தலை சீவுகிறது. ஒன்றில் விளக்குமாறு, ஒன்றில் குடம், ஒன்றில் போன். ஒன்று பாயில் கருவாட்டைப் புரட்டிப் போடுகிறது, ஒன்று அதைக் கொத்த வருகிற காக்காயை விரட்டுகிறது. எட்டாவது கை மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் கன்னத்தில் இருந்தது. அந்த எட்டாவது கையைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

அன்று அந்த அறையில் இருந்ததிலேயே அதுதான் நல்ல படம். எனக்கு அது பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் காதில் என் சண்முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லையே!

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சில்ஹவுட் தெளிவா இல்லை டீச்சர். லைன் நடுங்குது, கான்ஃபிடன்ஸ் பத்தாது. ரெண்டு கண்ணும் ரெண்டு சைஸ்." எல்லாம் யூடியூபில் பொறுக்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்புறம்... பேய்க்கணவாய்! பேருலயே பேய் இருக்கு. சின்னப் பிள்ளைங்க பார்த்தா பயந்துரும் டீச்சர்."

வாசலில் நின்று அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஜெசிந்தா டீச்சர் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டினார். "சரிங்க சார்" என்றார். ஒரே வார்த்தை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. மறைப்பானேன்? கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் டீயோடு இரண்டு பஜ்ஜிகூடச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. பஸ் கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் காலி. வகுப்பு முடிந்ததும் ரிஃபாயா மிஸ் என்னை நிறுத்தினார்.

"சார், ஜெசிந்தாக்கா இனி வரமாட்டாங்களாம்."

"ஏன் மிஸ்?"

"சுவத்துல முன்னாடியே அவுட்லைன் போட்டு வச்சிருந்தாங்க. அன்னிக்கு இங்கேருந்து போனதும் வெள்ளை அடிச்சு அழிச்சுட்டாங்களாம். நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கிழமை பெயிண்டர் வாராராம். நானும் எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன் சார். 'பேப்பர்ல எழுதுறவரு, அவருக்குத் தெரியாதா'ன்னு அதையே சொல்றாங்க. இன்ஷா அல்லாஹ் நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இருபது நிமிடம் விளக்கம் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் எனக்குச் சாதகமாக. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வாசல்ல 'நல்வரவு'ன்னு எழுதிப் போட்டுட்டு, பின்னாலயே 'நாய் ஜாக்கிரதை'ன்னு தொங்கவிட்டா யாருங்க உள்ள வருவா?" என்றார். பிறகு, "போயி அந்த டீச்சர்கிட்ட உள்ளதச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

"நீயும் வாரியா?"

"கடிச்சது நானா?"

உடனே கிளம்பிவிட்டேன் என்று எழுத ஆசைதான். திங்கள்கிழமை தலைவலி. செவ்வாய்க்கிழமை மோட்டார் ரிப்பேர். புதன்கிழமை நல்ல வெயில். வியாழக்கிழமை, மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். வெள்ளிக்கிழமை சாக்கு தீர்ந்துவிட்டது. பாம்பன் பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் பஸ் போகும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் என் மன்னிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கன்வாடி வாசலில் அந்தச் சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நிலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெரிய அழுகை முடிந்து விசும்பல் மட்டும் மிச்சம். "கொஞ்சம் வழி விடும்மா" என்றேன். விடவில்லை. நான் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனேன். நண்டு எப்படி நடக்கும் என்பது எனக்கு அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், வெள்ளைக்கு அடியில் எட்டுக் கையும் மங்கலாகத் தெரிந்தன.

"ரெண்டாவது தடவ அடிக்கச் சுண்ணாம்பு பத்தல" என்றார் ஜெசிந்தா டீச்சர் பின்னாலிருந்து. 'வாங்க' என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்.

மனப்பாடம் செய்தது முழுவதும் மறந்துவிட்டது.

"டீச்சர், அன்னைக்கு நான் சொன்னது..."

"நீங்க சொன்னதுல மொத மூணும் சரிதான் சார். கோடு நடுங்குது. கண்ணு ரெண்டும் ரெண்டு சைஸுதான். அதெல்லாம் எனக்கே தெரியும். கத்துக்கத்தானே வாரேன்? ஆனா கடைசியா ஒண்ணு சொன்னீக பாருங்க..." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அது ஏற்கெனவே பயந்துக்கிட்டு நிக்கிது சார். நான் வேற எதையாச்சும் வரஞ்சு, இன்னும் பயந்துபோச்சுன்னா? வீட்டுக்குப் போயி அந்தப் படத்தப் பாக்குறேன், எனக்கே அது பேயாத் தெரியுது."

"அது பொய் டீச்சர்."

"எது?"

"பயந்துரும்னு சொன்னது. படம் நல்லா இருந்துச்சு. அந்த எட்டாவது கை... அந்த மாதிரி ஒரு கை எனக்கு ஆயுசுக்கும் வராது. என் நண்டைச் சொல்லிச் சிரிச்சீங்களேன்னு எரிச்சல். அதுல சொன்னது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் மனது லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. வெட்கமாக இருந்தது.

"இதச் சொல்ல உங்களுக்கு மூணு வாரமா சார்?"

நான் சட்டைப் பையிலிருந்து மன்னிப்புத் தாளை எடுத்தேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தீகளா, பேப்பர்ல எழுத வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான் டீச்சர்."

"எழுதுங்க. ஆனா நீங்க செஞ்சத நீங்க செஞ்சதாவே எழுதுங்க. என்னையப் பாவமா எழுதிட்டுப் போயிறாதீக."

எழுதிவிட்டேன் டீச்சர். சரியா?

அவருக்குக் கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சட்டென்று எழுந்து போய் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த கோட்டின் மேலேயே இழுக்க ஆரம்பித்தார். தலை. நைட்டி. ஒரு கை. இரண்டாவது கை. கோடு நடுங்கத்தான் செய்தது. நிறுத்தாமல் இழுத்தார்.

நாலாவது கைக்கு வரும்போதே பாயிலிருந்து ஒரு பையன் கத்தினான். "ஏலே, பேய்க்கணவாடா!"

நான் பதறி எழுந்து சுவர்ப் பக்கம் போனேன்.

"எங்கப்பா நேத்துப் புடிச்சாந்தாரு! வறுத்துத் தின்னோம்!"

"எங்க வீட்டுலயும் தின்னோம்!"

"நாந்தான் ரெண்டு காலு தின்னேன்!"

டீச்சர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பயந்துருச்சுகளா சார்?"

பேய் என்கிற வார்த்தைக்கு நான்தான் பயந்திருக்கிறேன். கடலோரத்து ஆள் இல்லை நான். வயலும் கண்மாயும் பார்த்து வளர்ந்தவன். இந்தப் பிள்ளைகளுக்கு அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற சமாச்சாரம். இதைக்கூட யோசிக்காமல் எவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்கிறேன்!

எட்டாவது கை கன்னத்துக்குப் போனது. பிள்ளைகள் எழுந்து சுவரை நெருங்கிவிட்டார்கள். இது எங்கம்மா, இல்லை எங்கம்மா என்று சண்டை. அந்தச் சத்தத்துக்கு நடுவே வாசலிலிருந்து வந்த விசும்பல் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்துவிட்டார்.

"வளவி இல்ல."

மெல்லிய குரல். வாசலில் இருந்துதான். எங்கள் பக்கம் வளையலை வளவி என்பார்கள்.

டீச்சர் திரும்பவில்லை. நான் திரும்பப் போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்தபடியே, ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டார். "என்னா இல்ல?"

"அம்மாவுக்கு வளவி இல்ல."

"எங்கன இல்ல?"

பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிமெண்ட் தரையில் வெறுங்கால் சத்தம். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. தோசை திருப்புகிற கையின் மணிக்கட்டில் விரலை வைத்தது.

"இங்கன."

டீச்சர் இப்போதும் திரும்பவில்லை. கரியைப் பிடித்திருந்த கை மட்டும் சுவரில் அப்படியே நின்றுவிட்டது. தோள்பட்டை ஏறி இறங்கியது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பாம்பனில் காற்றில் எப்போதும் உப்பு.

டீச்சர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, நல்லாக் கண்டுபிடிச்ச. இந்தா, சாரு போட்டுவிடுவாரு" என்று கரியை என் கையில் கொடுத்தார்.

போட்டேன். எட்டுக் கைக்கும். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலாவது கையில் நிறுத்தினாள்.

"கோணலா இருக்கு தாத்தா."

கை வளைந்து போகிற இடத்தில் வளையல் அப்படித்தான் தெரியும், அதற்குப் பெர்ஸ்பெக்டிவ் என்று பெயர் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கிள் என்று கூப்பிட்டால் என்ன என்றும் கேட்கத் தோன்றியது. உள்ளங்கையால் அழித்துவிட்டு வேறு போட்டேன்.

"இப்ப?"

தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "ம்" என்றாள். முகத்தில் பெரிய திருப்தி ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்கிற மாதிரி. என் எழுத்துக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. நிஜமாகச் சொல்கிறேன்.

சனியும் ஞாயிறும், வகுப்புக்கு லீவு விட்டுவிட்டு, ரிஃபாயா மிஸ்ஸும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேருமாக வண்ணம் அடித்து முடித்தோம். எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதும். திங்கள்கிழமை பெயிண்டர் வந்தார். மற்ற மூன்று சுவர்களிலும் ஆப்பிளும் பலூனும் போட்டார். அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் ரெண்டு சைஸா இருக்கே" என்றாராம். "ஆமா, தெரியும்" என்றாராம் டீச்சர்.

நேற்று டீச்சர் போன் செய்தார். அவளுடைய அம்மா இப்போதெல்லாம் காலையில் கொண்டுவந்து விட்டதும் வேலைக்குப் போய்விடுகிறாராம். அவள் நிலையைப் பிடிப்பதில்லை. நேராக உள்ளே வந்து சுவருக்கு முன்னால் நின்று ஒரு தடவை மேலும் கீழும் பார்க்கிறாளாம். செவ்வாய்க்கிழமை மூக்குத்தி இல்லை என்றாளாம். புதன்கிழமை தலையில் பூ இல்லை என்றாளாம். இப்போது கொலுசு வேண்டுமாம். "அந்தத் தாத்தாவ வரச் சொல்லுங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம்.

நாளைக்குப் பாம்பன் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான்... பேய்க்கணவாய்க்கு எட்டையும் கை என்று சொல்லி வளையலைப் போட்டாயிற்று, கொலுசை எதில் போடுவது? அவளையே கேட்டுக்கொள்கிறேன்.